சங்கிலி மருந்தாகாது

(நமது ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில், ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சர்க்கரையைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் நாம் தொழுகை முடிந்து வாசலில் நின்றே பேசிக்கொள்கிறோம். வீட்டுக்குள்ளேகூட வாய் திறக்கத் தயங்கும் நோய் ஒன்று உண்டு. அது மனநோய். அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் என் குடும்பத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் சின்னத்தா தம் இளமையிலேயே மனம் பேதலித்தவர். தனக்குத்தானே பேசுவார், சோற்றில் எவரோ நஞ்சு வைத்ததாகச் சொல்வார். நாங்கள் அவருக்குச் சங்கிலி பூட்டவில்லை. ஆனால் பின்கட்டு அறையில் வைத்துத் தாழிட்டோம். ஓராண்டு அவர், "கால் எரிகிறது, கால் எரிகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கமான உளறல் என்று எண்ணினோம். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்த நானும் அப்படியே எண்ணினேன். துர்நாற்றம் வந்த பிறகே காலைப் பார்த்தோம். சர்க்கரை நோயினால் வந்த புண் புரையோடியிருந்தது. காலை எடுக்க நேர்ந்தது. மறு ஆண்டே அவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய மனநோயைவிட, அவர் சொல்லை நாங்கள் நம்பாததே அவருக்குப் பெரும் தீங்காயிற்று.

இதே அவலம் பேருருக் கொண்ட இடம் நமக்குத் தொலைவில் இல்லை. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. அவர்களில் பல சமயத்தவரும் இருந்தனர். இதற்குத் தர்காவைப் பழிப்பது நியாயமன்று. அதனைச் சுற்றித் தனியார் நடத்திய இல்லங்களிலேயே சங்கிலிகள் இருந்தன. ஆயினும் அங்கே அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் யார்? நம்மைப் போன்ற குடும்பத்தார்தாம். கொடுமை செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. வேறு வழி தெரியவில்லை. ஊரார் ஏச்சுக்கும் அஞ்சினார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அம்மாதமே அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

மனநோய் என்பது என்ன? அது பாவத்தின் தண்டனை அன்று. குடும்பத்தின் இழுக்கும் அன்று. மூளையின் செயற்பாட்டிலும், பரம்பரையிலும், வாழ்வின் துயரங்களிலும் வேர்கொண்ட நோய் அது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

உடல் நோயும் மன நோயும் ஒன்றையொன்று தொடர்பவை. சர்க்கரை நோய் உள்ளவர்க்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தைராய்டு சுரப்பு குறைந்தால் அதுவே மனச்சோர்வு போலத் தோன்றும். பிள்ளை பெற்ற தாய் காரணமின்றி அழுவதும், குழந்தையைத் தொட மறுப்பதும் திமிர் அல்ல, நோயின் அறிகுறியாக இருக்கலாம். வளைகுடாவில் பல்லாண்டு தனிமையில் உழைத்துத் திரும்பியவர் உறக்கமின்றி, பேச்சின்றி ஒடுங்கிக் கிடந்தால், அதனைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது.

இது மேலைநாட்டார் புதிதாகச் சொன்ன செய்தி என்று எவரும் கருத வேண்டாம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. புத்தி பேதலித்தவர் மீது மார்க்கக் கடமைகள் இல்லை என்பதை நம் ஆலிம்கள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். மார்க்கமே குற்றம் பிடிக்காத ஒருவரை நாம் ஏன் குற்றம் பிடிக்க வேண்டும்?

துஆ ஓதுவதை விட்டுவிடுமாறு நான் சொல்லவில்லை. ஓதிவிட்டு மருந்தை விலக்காதீர்கள் என்றே சொல்கிறேன். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில், வருகின்ற நோயாளருக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்கும் வகையில் 'தவா-துஆ' என்னும் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டது. பின்னர் ஏர்வாடியிலும் அத்தகைய ஏற்பாடு வந்தது. தவா என்றால் மருந்து. இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியும்.

மருந்தாளுநன் என்ற முறையில் ஒரு சொல். மனநோய் மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல உடனே பலன் தருவதில்லை. சில வாரங்கள் ஆகும். சற்றே குணம் கண்டதும் தாமாக நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும். மருத்துவரைக் கேட்டே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

பெரியோர்களே, நம் ஜமாஅத்துக்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். நம் மஹல்லாவில் எவரையும் கட்டிவைப்பதில்லை, பூட்டிவைப்பதில்லை என்று உறுதி கொள்வோம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளரை அழைத்துச் செல்ல ஆளில்லாத வீட்டுக்கு, இளைஞர் இருவரைத் துணைக்கு அனுப்புவோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளரின் குடும்பத்தை அதன் பட்டியலில் சேர்ப்போம். 14416 என்ற கட்டணமில்லா அரசு மனநல ஆலோசனை எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

இன்னொன்று, தீர்மானம் போட்டு நிறைவேற்ற முடியாதது. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அஞ்சி நாம் பேசும் பேச்சே பலரை நோயை மறைக்க வைக்கிறது. அந்தப் பேச்சை நாம் விட்டால் பல வீடுகளில் பின்கட்டுக் கதவு தானே திறக்கும்.

என் சின்னத்தாவின் கதவை நான் காலத்தில் திறக்கவில்லை. உங்களில் எவருக்கும் அந்த வருத்தம் நேராதிருக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிபாவை வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.