ரஃப் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

  

நான் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் என் கண் முதலில் போவது விடைக்கு அல்ல, ஓரத்தில் இருக்கும் ரஃப் வொர்க்குக்கு. மைப் பேனாவால் எழுதிய தாளில் பேனா தயங்கி நின்ற இடத்தில் ஒரு சின்ன மைப்பொட்டு ஊறியிருக்கும். சமன் குறி போட்டாயிற்று, அடுத்து என்ன என்று தெரியவில்லை, பேனா அங்கேயே நின்றிருக்கிறது. அதற்கு மேலே மூன்று வரி அடித்தல். மறுநாள் வகுப்பில் எதை மறுபடி நடத்த வேண்டும் என்பதை அந்தப் பொட்டுதான் எனக்குச் சொல்லும். கணினியில் அடித்த பக்கத்தில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. அதில் யார் எங்கே திணறினார்கள் என்று தேடினாலும் கிடைக்காது.

கும்பகோணத்து ராமானுஜனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். முதல் நோட்டு பச்சை மையில் எழுதியது. அதையே திருத்தி, விரித்து இரண்டாவது நோட்டில் எழுதினார். எழுதியதையே மறுபடி கையால் எழுதுவது வீண் வேலை என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1957-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அந்த நோட்டுகளை அச்சுக் கோக்காமல், அவர் கையெழுத்தை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. நான் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் நூலகத்தில் அது இருந்தது; வீட்டுக்குத் தர மாட்டார்கள். "ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வாங்கடா, புரியாவிட்டால் பரவாயில்லை" என்றார் எங்கள் பேராசிரியர். எழுதினேன். கண்ணால் பார்த்தபோது ஒரே காடாகத் தெரிந்த தொடர், ஒவ்வோர் உறுப்பாகக் கை எழுதிக்கொண்டு போகையில் அடுத்தது இதுதான் வரும் என்று பிடிபட ஆரம்பித்தது. நிரூபணம் எனக்குத் தெரியாது, ஆனால் அமைப்பு கைக்கு வந்துவிட்டது. கணக்கு எனக்குச் சோறு போடும் வேலையாக இல்லாமல் ஆசையாக மாறியது அந்த மேசையில்தான்.

சரி, சிலேட்டில் அழிந்தது என்ன ஆயிற்று? புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அந்த நோட்டுகளில் உள்ள முடிவுகளுக்கு நிரூபணம் தேடித் தொகுத்து ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி 1985, ஐந்தாவது 1998. ராமானுஜன் எந்த வழியில் போனார் என்பது பல இடங்களில் இன்றும் ஊகம்தான். ஒரு ரூபாய்க் காகிதம் கூடுதலாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கடைசி ஓராண்டில், உடம்பு முடியாமல் படுத்தபடி அவர் எழுதிய தாள்களை மனைவி ஜானகி அம்மாள் சேர்த்து வைத்தார். அவை சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக இங்கிலாந்து போய், 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸின் கண்ணில் பட்டன. நூறு பக்கத்துக்கு மேல், அறுநூறுக்கும் அதிகமான சூத்திரங்கள். 1987 டிசம்பர் 22, ராமானுஜனின் நூற்றாண்டு நாளில், அதுவும் கையெழுத்துப் படியாகவே சென்னையில் வெளியானது. பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு பிரதியை ஜானகி அம்மாளிடம் கொடுத்தார். கணவர் போய் அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, அவர் கைப்பட எழுதியது அந்த அம்மாள் கைக்கு வந்தது. அச்செழுத்தாக வந்திருந்தால் அது வெறும் புத்தகம்.

கையால் எழுதுவது பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதை அப்படியே அடித்துத் தள்ளினார்கள். கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதினார்கள், கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் முந்தினார்கள். பின்னால் அதே ஆய்வை மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அதே வலுவில் முடிவு வரவில்லை. நார்வேயில் 36 மாணவர்களின் தலையில் 256 உணர்விகள் பொருத்திப் பார்த்து 2024-ல் வெளியிட்ட ஆய்வோ, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு விரிவாக இருப்பதைக் காட்டியது. வாதம் நடக்கட்டும். வகுப்பறையில் நான் பார்த்தது எனக்குப் போதும்.

பட்டம் பெற்ற நீங்கள் நாளைக்கு வேலையில் சேர்ந்ததும் எல்லாவற்றையும் தட்டித்தான் அனுப்பப் போகிறீர்கள், அது தப்பில்லை. அதற்கு முன்னால் யோசிப்பதை ஒரு கோடு போட்ட நோட்டில் யோசியுங்கள். தேதி போடுங்கள். தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள், கீழே இருப்பது தெரிய வேண்டும். ஃபேர் காப்பி அலுவலகத்துக்குப் போகட்டும், ரஃப் நோட்டு உங்கள் அலமாரியில் இருக்கட்டும். ஆசிரியராகப் போகிறவர்கள் பிள்ளைகளின் ரஃப் வொர்க்குக்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்; நான் கடைசி வரை ஒதுக்கினேன்.