நாற்காலி காலியான மறுநாள்
(அடையாறு கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

மில்லில் ஆட்குறைப்பு என்றால் நமக்குத் தெரியும். கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நாமும் கேட்டிலேயே கூடுவோம். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கினால் ஊரே பார்க்கும். இங்கே தரமணியிலும் பழைய மகாபலிபுரம் ரோட்டிலும் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளில் நடப்பது வேறு தினுசு. ஒருவரைத் தனியே அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். காலி நாற்காலியைப் பார்த்துத்தான் பக்கத்திலிருப்பவருக்கு விஷயம் தெரிகிறது.

மிஞ்சியவர் கதி என்ன? போனவரின் வேலையும் இவர் தலையில். வருஷந்தோறும் தரம் பிரிக்கிறார்கள். எல்லோரும் நன்றாக உழைத்தாலும் யாரேனும் கடைசியில் வந்தே தீரவேண்டும். ஆகவே தெரிந்த வேலையைச் சகாவுக்குச் சொல்லிக் கொடுக்கவே அஞ்சுகிறார்கள். கம்பெனி மீதிருந்த நம்பிக்கை மட்டுமா, பக்கத்து நாற்காலி மீதிருந்த நம்பிக்கையும் செத்துப்போகிறது. "இவர்களுக்கு ஊக்கமில்லை" என்று நிர்வாகம் அலுத்துக்கொள்கிறது. நாளை இருப்போமா என்றே தெரியாதவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

"கைநிறையச் சம்பளம் வாங்கும் ஆபீசர்கள், நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். "அவர்கள் தொழிலாளிகளே அல்ல" என்று கோர்ட்டில் முதலாளி பேசுவதும் இதே பேச்சுத்தான்! 2014 கடைசியில் டி.சி.எஸ். ஆட்களை வெளியேற்றத் தொடங்கியது. 2015 ஜனவரியில் சென்னையில் கர்ப்பிணியான ஓர் ஊழியர் ஹைகோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி அவருடைய நீக்கத்தை வாபஸ் பெற்றது. இன்னொருவர் லேபர் கோர்ட்டுக்குப் போனார். அவர் பார்த்தது நிர்வாக வேலையல்ல, தொழிலாளி வேலையே என்று 2022-ல் தீர்ப்பாகி, மீண்டும் வேலையும் பாக்கிச் சம்பளமும் தர உத்தரவாயிற்று. ஏழு வருஷம், தோழர்களே! எத்தனை பேரால் தாக்குப்பிடிக்க முடியும்?

தனியாளாய்ப் போனால் இப்படித்தான். ஐ.டி. ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு தொழிலாளர் துறை 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் சங்கம் என்றாலே அங்கே பயம். 2025 ஜூலையில் அதே டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. 1918-ல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிகளுக்குச் சென்னைத் தொழிலாளர் சங்கம் காண முன்னின்ற பி.பி.வாடியா, இந்த அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அன்று அடையாறிலிருந்து பெரம்பூருக்குப் போனார்கள். இன்று பெரம்பூர்தான் அடையாறுக்கு வரவேண்டும்.

நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். மில்லிலும் வயலிலும் உழைத்துப் படிக்கவைத்தவர்கள் நாம். இன்றிரவே அவர்களிடம் சொல்லுவோம்: மிரட்டினாலும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதே. போட்டால் அது ஆட்குறைப்பு அல்ல, தானே விலகியது என்பார்கள். நஷ்டஈடு கேட்கும் வழியும் அடைபடும். நீக்குவதானால் எழுத்தில் கொடு என்று கேள். அந்தக் காகிதத்தோடு சங்கத்துக்கு வா.