மாங்கன்றின் பெயரும் இலையின் சாட்சியும்

(மாத்தளை மாவட்டக் கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லும் மரக்கறியும் செய்கின்ற உங்களில் பலர் மேட்டுக்காணியில் மாமரமும் வைத்திருக்கிறீர்கள். நெல்லில் இனம் மாறினால் அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மாமரம் அப்படியன்று. ஒட்டுக்கன்று காய்க்க 3 அல்லது 4 ஆண்டுகள் செல்லும். அதுவரை நீரூற்றி, பசளையிட்டு, வேலியடைத்துக் காத்த பின்னரே, வாங்கிய இனம் இதுவன்று என்பது வெளிப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் கலேவெலப் பக்கத்தில் ஒரு பெரியவர் தம் தோட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். கறுத்தக்கொழும்பான் என்று விற்கப்பட்ட 20 கன்றுகளை, நெல் விற்ற காசில் வாங்கி நட்டிருந்தார். முதற் காய்ப்பில் 7 மரங்கள் வேறு காய் காய்த்தன. அவற்றின் அடியை ஆராய்ந்தேன். 3 மரங்களில் ஒட்டுத் தழும்புக்குக் கீழிருந்து எழுந்த தளிரே மரமாகியிருந்தது. மேலே ஒட்டிய கிளை பட்டுப்போயிருந்தது. ஏனைய 4 மரங்களும் தழும்புக்கு மேலே வளர்ந்தவை. ஆதலின் அவற்றில் பிழை, ஒட்டுவதற்குக் கிளை எடுத்த இடத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும். “விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா, ஐயா?” என்று அவர் கேட்டார். எனக்கு நாவெழவில்லை.

கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், வில்லாட், அம்பலவி ஆகியவற்றின் பழங்களைக் கண்டால் பெயர் சொல்லிவிடுவோம். ஆனால், பையில் நிற்கும் ஒரு சாண் கன்றைக் கண்டு பெயர் சொல்லுதல் பழகிய கண்ணுக்கும் எளிதன்று. இக்குறையைத் தீர்க்க வந்ததே மரபுக்குறிச் சோதனை.

இச்சோதனை நடைபெறும் விதத்தைச் சொல்லுகிறேன். இலையின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உண்டு. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏட்டை ஒத்தது. அவ்வேட்டின் சில இடங்களில் ஒரே சிறு சொல் திரும்பத் திரும்ப வரும். ஓர் இனத்தில் 8 முறை வருவது மற்றோர் இனத்தில் 11 முறை வரக்கூடும். இத்தகைய இடங்களே மரபுக்குறிகள். ஆய்வுகூடத்தில் இலையை அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, அவ்விடங்களை மட்டும் கோடிக்கணக்கிற் பெருக்கி, மின்னோட்டத்தால் நீளவாரியாகப் பிரித்து அளப்பர். ஒரு தாய்மரத்துக் கிளையால் ஒட்டிய கன்றுகள் யாவற்றிலும் இவ்வளவுகள் ஒன்றாகவே இருக்கும். விதையால் முளைத்த கன்றிலோ பெரும்பாலும் தந்தை மரத்தின் பங்கும் கலந்திருக்கும்.

பெயர் மாறுதல் நமது நாட்டிற்கு மட்டும் உரியதன்று. சிலி நாட்டில் மெர்லோ என்று வளர்த்து வந்த திராட்சைக் கொடிகளிற் பல, கார்மெனேர் என்னும் வேறினம் என்பதை 1994ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சு அறிஞர் கொடியைப் பார்த்தே உரைத்தார். பின்னர் டி.என்.ஏ. சோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவர்களே தம் கொடியின் பெயரை அறியாதிருந்தனர்.

எனினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஒப்பிடுவதற்கு ஐயமற்ற மூலமரம் ஒன்று வேண்டும். அஃதின்றேல் இலை சாட்சி சொல்லாது. கன்னொறுவையிலுள்ள எமது திணைக்களத்தின் தாவர மரபுவள நிலையம் போன்றவை இனங்களைப் பேணுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று. மேலும், கன்றுக்கு நோய் உண்டா, வேர் நன்றா என்பதை இக்குறிகள் கூறமாட்டா. ஒரே மரத்தின் ஒரு கிளையில் மட்டும் தோன்றிய சிறு மாறுதலும் இவற்றிற் புலப்படாமற் போகலாம்.

ஒவ்வொரு கன்றையும் சோதித்தல் செலவு மிக்கது, அது தேவையுமன்று. தாய்மரம் ஒன்றைச் சோதித்தால் அதிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கும் அது சான்றாகும். அச்சான்று உங்கள் காணி வரை கெடாமல் வந்து சேர வேண்டுமாயின், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. கன்று வாங்கும்போது, ஒட்டுக்கிளை எந்தத் தாய்மரத்தினது என்று கேளுங்கள். விடை சொல்ல மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

2. சான்றுப்படுத்திய கன்றையே தேடுங்கள். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் விதைகளின் தரத்தோடு நடுகைப் பொருட்களின் தரத்தையும் பற்றியதே. கன்றின் சீட்டையும் பற்றுச்சீட்டையும் முதற் காய்ப்பு வரை பத்திரப்படுத்துங்கள்.

3. நட்ட இடத்தையும் இனத்தையும் தேதியையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மழையில் சீட்டு அழியும்; கொப்பி அழியாது.

4. ஒட்டுத் தழும்புக்குக் கீழே எழும் தளிரைக் கண்டவுடன் அகற்றுங்கள். பெரியவரின் 3 மரங்கள் தவறியது இதனாலேயே.

5. சோதனைக்கு இலை எடுப்பதாயின், தழும்புக்கு மேலுள்ள நோயற்ற இளம் இலையையே எடுங்கள். கீழ்த்தளிரின் இலை ஒட்டுக்கட்டையின் பெயரையே சொல்லும். ஒரு மரத்து இலையை மற்றொன்றோடு கலவாது, தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, உறையில் அடையாளம் எழுதுங்கள். அனுப்பும் முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

அப்பெரியவரின் 3 மரங்களையும் ஒரு கத்திரிக்கோல் காத்திருக்கும். மற்றை நான்கையும் காத்திருக்கக்கூடியது, தாய்மரத்தின் பெயரை யாரேனும் முன்னரே உறுதி செய்திருத்தல் ஒன்றே. முன்னது உங்கள் கையில் உள்ளது. பின்னதைக் கேட்டுப் பெறுதல் உங்கள் உரிமை. கேட்டு வாங்கி, கண்காணித்து வளர்த்து, நட்ட இனத்தின் பழத்தையே நீங்கள் உண்பீர்களாக.