மோட்டார் சைக்கிளும் நமது வாலிபரும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புராணமும் தேவாரமும் பேசப்படும் இம்மேடையிலே மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் தயவுசெய்து மண்டப வாசலை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்களாக. அங்கே நிற்கும் வண்டிகளில் எத்தனையின் தலைக்கவசங்கள் கண்ணாடிக் கம்பியில் மாலைபோலத் தொங்குகின்றன என்று எண்ணிக்கொண்டு வந்து பின்னர் நகைக்கட்டும்.

நம்மவர் புது வண்டி வாங்கினால் முதலிற் போவது பிள்ளையார் கோயிலுக்கே. தேங்காய் உடைத்து, சில்லின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசித்து, கைபிடியிற் பூமாலையும் கட்டிக்கொண்டு திரும்புகின்றோம். செய்யவேண்டியதே. ஆயின் அதன் பின்னர் அந்தச் சில்லிலே காற்று எவ்வளவு என்று மாதம் ஒருமுறையாவது பார்த்தவர் எத்தனை பேர்? விக்கினம் தீர்ப்பது விநாயகர் வேலை. ரயருக்குக் காற்றடிப்பது நம்முடைய வேலை.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சிறு போத்தலிலே மருந்துபோற் பேணிய பெற்றோலிற் சில துளியைக் காபரேற்றருக்கு விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. புகையைக் கக்கிக்கொண்டு போகும். அக்காலத்தவருக்கு இயந்திரம் தெரியும், வேகம் தெரியாது. குண்டும் குழியுமான வீதியும் அதற்கு இடங்கொடுத்ததில்லை. 2009க்குப் பின்னரோ கண்டி வீதியும் பலாலி வீதியும் பருத்தித்துறை வீதியும் காபெற் வீதிகளாகிவிட்டன. இக்காலத் தம்பிமாருக்கு வேகம் தெரியும்; இயந்திரம் தெரியாது. இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் நம்மிடையே மிகக் குறைவு.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகின்றான். ஒழுங்கைக்குள் இருந்து ஒரு நாய் பாய்கின்றது. அதைக் கண்டு, மனம் உணர்ந்து, கை பிறேக்கைப் பற்றுவதற்கே ஒரு செக்கன் வேண்டும். அதற்குள் 17 மீற்றர் போய்விட்டது. வண்டி இன்னும் நிற்கத் தொடங்கவேயில்லை. வேகம் இருமடங்கானால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துச் சித்தியடைந்தவர்களே வீதியில் மறந்துபோகின்றார்கள்.

பிறேக்கிலும் நம்மவர்க்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. முன்பிறேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என அஞ்சிப் பின்பிறேக்கை மட்டும் மிதிப்பார்கள். வண்டி நிற்கும்போது பாரம் முன்சில்லுக்கே செல்லுகின்றது. ஆகவே நிறுத்தும் வலுவிற் பெரும்பங்கும் முன்னிருந்தே வரும். இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக இறுக்கவேண்டும். மணல் படிந்த வளைவிலும், மாரி மழையின் முதல் ஈரத்திலும், அறுவடைக் காலத்தில் வீதியிற் பரப்பிய நெல்லின்மேலும் அதே முன்பிறேக் ஆளை வீழ்த்தும் என்பதையும் அறிதல் வேண்டும். அவ்விடங்களில் பிறேக் பிடிக்க நேராதபடி முன்பே மெதுவாகிவிடுவதே வழி. வீதியில் நெல் காயவிடுபவர்களும் இச்சபையில் இருக்கின்றீர்கள். உங்களோடு தனியே பேசுவோம்.

புகையிரதக் கடவை இன்னும் பெரிய விஷயம். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறையை எட்டியது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது பாட்டன் சொன்ன கதை. தண்டவாளம் இருந்த நிலத்தை அவர்கள் வெறும் பாதையாகவே கண்டார்கள். திரும்பி வந்த ரயிலோ பாட்டன் ஏறிய ரயிலிலும் வேகமானது. கதவற்ற கடவைகளிற் காதில் பாட்டுக் கருவி பொருத்திக்கொண்டு ஏறுபவனை எந்த மணியும் காக்கமாட்டாது. நின்று, இருபுறமும் பார்த்து, பின்னர் கடப்பதற்குப் பத்துச் செக்கன் போதும்.

இனித் தலைக்கவசம். அராபிய லோரன்ஸ் என்று பேர்பெற்ற ஆங்கிலேயர் 1935இல், துவிச்சக்கர வண்டியில் வந்த இரு சிறுவர்களுக்கு விலக முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டார். தலைக்கவசம் இல்லை, ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கெயன்ஸ் இத்தகைய மரணங்களைப் பின்னர் ஆராய்ந்து 1941இல் எழுதினார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 40 வீதமும், தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 70 வீதமும் குறைக்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சிகளின் முடிவு. நாடியிற் பட்டி பூட்டினாற்றான் இக்கணக்கு.

எமது ஊரிலே ஒரு சப்பறத் திருவிழா இரவு நடந்ததைச் சொல்லாமல் விடமுடியவில்லை. தண்ணீர்ப் பந்தலிற் காலை முதல் நின்று தொண்டு செய்த தம்பி ஒருவன், சீனி முடிந்துவிட்டதென்று கடைக்குப் புறப்பட்டான். அரைக் கட்டைத் தூரந்தானே என்று தலைக்கவசத்தை முழங்கையிற் கொழுவிக்கொண்டு போனான். அனுப்பியவர்கள் நாமே. போட்டுக்கொண்டு போ என்று எம்மில் ஒருவரும் சொல்லவில்லை. கீறல்கூட விழாத அத்தலைக்கவசத்தைத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் நாமே. இன்றும் அது அவ்வீட்டு விறாந்தையில் ஆணியிலே தொங்குகின்றது.

பின்னிருக்கும் பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொள்ளல் வேண்டும். சில்லிற் சிக்கினால் விபரீதம். குழந்தையைத் தாங்கியின்மேல் இருத்துவதும், ஸ்ராண்டை மடிக்காமற் புறப்படுவதும் அத்தகையனவே.

களவைப் பற்றியும் சில வார்த்தை. கோயிலடியில் ஐந்து நிமிடந்தானே என்று திறப்பை வண்டியிலேயே விடுபவர் பலர். கைபிடிப் பூட்டோடு நில்லாது சில்லுக்கும் ஒரு சங்கிலிப் பூட்டு இடுக. எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் வீட்டுக் கொப்பியில் எழுதி வைக்க. வீட்டிற் கலன்களிற் பெற்றோல் சேர்த்து வைப்பது 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த பழக்கம். அன்று மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். அப்பழக்கத்தைக் குசினியருகே இன்னும் வைத்திருப்பது நெருப்பை விருந்துக்கு அழைப்பதாகும்.

பழைய வண்டியை விற்பவர்கள் பெயர் மாற்றாமற் பத்திரத்தில் ஒப்பம் மட்டும் இட்டுக் கொடுத்துவிடுகின்றார்கள். அவ்வண்டி கைமாறிக் கைமாறி ஒரு நாள் சங்கிலி அறுப்பிலோ வாள்வெட்டிலோ அகப்பட்டால், பொலிசார் முதலில் வந்து தட்டுவது உங்கள் படலையைத்தான்.

விபத்தைக் கண்டால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடமாகாணத்திற்கு வந்தது. விழுந்தவரை நான்குபேர் இழுத்து முச்சக்கர வண்டிக்குள் மடித்துத் திணிக்காதீர்கள், முள்ளந்தண்டு முறிந்திருக்கக்கூடும். மூச்சு விடுகின்றாராயின் தலைக்கவசத்தையும் கழற்றவேண்டாம். வருபவர்கள் பார்த்துக் கழற்றுவார்கள்.

கூட்டம் முடிந்ததும் ரயர்க் காற்றுப் பார்க்கும் கருவியோடு வாசலில் நிற்போம். வண்டியுள்ளவர்கள் காட்டிவிட்டுச் செல்லலாம்.