பழைய கணினிக்கு ஒரு புது எஸ்.எஸ்.டி.

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாடவேளை 40 நிமிடம். பிள்ளைகள் வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவே ஐந்து நிமிடம் போய்விடும். பொத்தானை அழுத்தினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நின்று, ஒரு செயலி திறப்பதற்குள் அடுத்த பாட ஆசிரியர் வாசலில் நிற்பார். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு பாடவேளைதான். இப்படிப்பட்ட கணினிகளைப் "பழசாகிவிட்டது" என்று எழுதிக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

விண்டோஸ் கணினி என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டிஸ்க்' நிமிடக்கணக்கில் 100 சதவீதத்தில் நிற்க, 'சிபியு' 10, 20 என்று சும்மா இருக்கிறதா? அப்படியானால் மூளை களைக்கவில்லை. ஹார்டு டிஸ்க்தான் பிடித்து இழுக்கிறது.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து கோப்புகளைத் தேட வேண்டும். ஒருமுறை தேடச் சுமார் 10 மில்லி விநாடி. கேட்க அற்பம்தான். ஆனால் கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரே ஓர் அலுவலக உதவியாளர் வகுப்பு வகுப்பாக, மாடி மாடியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை, எல்லாம் சில்லுகள். தேட 0.1 மில்லி விநாடிதான் ஆகும். ஆசிரியர் எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போது சுற்றறிக்கை வந்த மாதிரி.

"எங்கள் கணினி 2010-இல் வாங்கியது, அதில் சேருமா?" என்பீர்கள். சாட்டா இணைப்பு இருந்தால் சேரும். அந்தக் காலத்து சாட்டா-2 விநாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் விடாது, இன்றைய எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். வேகம் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். நமக்கு லாபம் தேடும் நேரத்தில்தான். கடையில் 'எம் டாட் 2' என்று சூயிங்கம் பட்டை போல ஒன்றைக் காட்டுவார்கள். பழைய மதர்போர்டில் அதற்கு இடம் இருக்காது. இரண்டரை அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். 240 ஜிபி தாராளம். கூடவே ஒரு சாட்டா கேபிள். ராம் 2 ஜிபிதான் என்றால் அதையும் 4 ஆக்காமல் முழுப் பலன் கிடைக்காது.

ஸ்குரூ டிரைவரைத் தொடுமுன் இருப்புப் பதிவேட்டைத் தொடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள கணினியை நாம் திறக்கக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்து மூலையில் கிடப்பவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். அதற்கும் தலைமையாசிரியரின் அனுமதி எழுத்தில் வேண்டும், புதுப் பொருளுக்குப் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும்.

வேலை அரை மணி நேரம். மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குங்கள். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் இல்லாததால் இரண்டு ஸ்குரூவில் நின்றாலும் போதும். பழைய வட்டை அப்படியே நகலெடுக்கலாம் என்பார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. திசை மாறிப்போனால் உள்ளதும் அழியும். பத்தாண்டுக் குப்பையும் கூடவே வரும். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். நிறுவுமுன் பயாஸில் சாட்டா முறை 'ஐடிஇ' என்று இருந்தால் 'ஏஹெச்சிஐ' என மாற்றுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய கணினியை ஏற்காது. ஆகவே லினக்ஸ். லிப்ரே ஆஃபிஸும் ஜியோஜீப்ராவும் அதில் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் கோப்புகள் சேமிக்க உள்ளேயே விட்டுவிடலாம், முதலில் எஸ்.எஸ்.டி.யிலிருந்து தொடங்கும்படி பயாஸில் வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். 'டக் டக்' என்று சத்தம் போட்டால் கழற்றிவிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஹார்டு டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் முனகும், எஸ்.எஸ்.டி. முனகாமலே போய்விடக்கூடும். மதிப்பெண் பட்டியலுக்கு எப்போதும் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

ஒன்றுதான் வாங்க முடிந்தது என்றால் எந்தக் கணினிக்கு? எமிஸ் பதிவேற்றம் நடக்கும் அலுவலகக் கணினிக்கு என்று உடனே சொல்வார்கள். தலைமையாசிரியர்கள் பொறுத்தருள்க, என் ஓட்டு பிள்ளைகள் உட்காரும் கணினிக்கு. அலுவலகத்தில் காத்திருப்பது ஒருவர்; அங்கே காத்திருப்பது மூவர், அதுவும் பாடவேளைதோறும் வேறு மூவர்.

இந்த மேசையில் ஒரு பழைய கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன். மின் இணைப்பு இல்லை. இதுவரை ஒரு கணினியைக்கூடத் திறந்து பார்க்காதவர் யாராவது முன்னால் வாருங்கள். அந்தச் சிவப்பு கேபிளை நீங்கள்தான் கழற்றப் போகிறீர்கள்.