தாயின் முஸல்லாவும் தவழும் குழந்தையும்

 



சென்ற வாரம் ஒரு சிறுவன் மடித்த தாள் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெயர் இல்லை. மூன்று வயதில் ஒரு மகன், எட்டு மாதத்தில் ஒரு மகள். திருமணத்திற்கு முன் தஹஜ்ஜுத் தொழுது வந்தவராம். இப்பொழுதோ, தக்பீர் கட்டிய உடனே மகன் காலைக் கட்டிக்கொள்கிறான். ஸஜ்தாவில் முதுகின் மீது ஏறிக் குதிரை ஓட்டுகிறான். ஒரு நாள் அத்தஹிய்யாத்தில் விரல் நீட்டினால், எதிரே அமர்ந்து அவனும் விரல் நீட்டி, "எங்கே?" என்று கூரையைப் பார்த்தானாம். அதற்குள் தொட்டிலில் மகள் அழத் தொடங்கிவிடுகிறாள். தொழுதது மூன்று ரக்அத்தா, நான்கா என்பது நினைவில் நிற்பதில்லை. "ஹஜ்ரத், இந்தத் தொழுகையை அல்லாஹ் ஏற்பானா? நான் தீனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறேனா?" என்று முடித்திருந்தார்.

விரல் நீட்டிய செய்தியைப் படித்துச் சிரித்தேன். கடைசி வரிக்கு வந்தபொழுது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்றைய உரை அந்தச் சகோதரிக்கான பதில். ஆயினும் அதில் பாதியை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்பிற்குரியவர்களே! குழந்தை ஏறிய முதுகு எது என்று எண்ணிப் பாருங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்பொழுது இறக்கி வைத்தார்கள். எழும்பொழுது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இது பின்னர் மாற்றப்பட்ட சட்டம் என்று கூறியோருக்கு இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் மறுப்பு எழுதியுள்ளார்கள். மற்றொரு நாள் ஜமாஅத் தொழுகையில் ஸஜ்தா நீண்டுகொண்டே போனது. தோழர்கள் வஹீ இறங்குகிறதோ என்று ஐயுற்றார்கள். காரணம் அதுவன்று, பேரர் முதுகில் ஏறியிருந்தார். அவர் ஆசை தீரும் முன் இறக்கிவிட நாயகத்துக்கு மனமில்லை. நஸாயீயில் இச்செய்தி உள்ளது.

இன்னொன்று நாமனைவரும் அறிந்தது. நீண்ட நேரம் தொழுவிக்க எண்ணி நிற்கும் நபியவர்கள், பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். அந்தத் தாயின் உள்ளம் படும் பாட்டை அவர்கள் அறிவார்கள். அல்லாஹ்வின் தூதருடைய இமாமத்தையே ஒரு கைக்குழந்தை சுருக்கியிருக்கிறது. வீட்டில் தனியே தொழும் ஒரு தாய், சிறிய சூராவை ஓதி முடித்துக்கொள்வதற்காக ஏன் கலங்க வேண்டும்?

சகோதரி அறிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள் சில உண்டு. ரக்அத்தில் ஐயம் வந்தால், குறைந்த எண்ணிக்கையை உறுதியாகக் கொண்டு மீதியைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தா செய்ய வேண்டும். ஐயம் வழக்கமாகிவிட்டவருக்கு ஹனஃபீ மத்ஹபில் மேலோங்கிய எண்ணத்தின்படி செயல்பட இடமுண்டு. உடையில் சிறுநீர் பட்டால் உடை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். இரண்டு வயதுக்குட்பட்டு, பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையாயின் அவ்விடம் நனையத் தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது ஷாபிஈ மத்ஹபு. குழந்தை அடுப்பை நோக்கியோ கிணற்றை நோக்கியோ தவழ்ந்தால் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும். அப்பொழுது முறிப்பது கடமை. இதைக் கேட்டு வியப்படையும் தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி நம் பங்கு. ஒரு வியாழக்கிழமை என் வீட்டார் காய்ச்சலில் படுத்துவிட்டார். மூன்று பிள்ளைகளும் என் பொறுப்பு. மறுநாள் ஜும்ஆவுக்குப் பொறுமையைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். மூத்தவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் நேரத்தில், நடுவிலவள் என் தொப்பியை வாளித் தண்ணீரில் ஊறவைத்தாள். அதை எடுக்கப் போன இடைவெளியில், இளையவன் அரிசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் நடுவே அமர்ந்து என் குறிப்புத் தாளை மென்றுகொண்டிருந்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெருவுக்கே கேட்கும்படி நான் கத்தினேன். உள்ளறையிலிருந்து மெலிந்த குரல் வந்தது: "நாளைக்கு பொறுமையைப் பத்தித்தானே பயான்?"

அந்தப் பயானை அன்று நான் செய்யவில்லை. வேறு தலைப்பில் பேசினேன்.

சகோதரர்களே! திருக்குர்ஆன் லுக்மான் அத்தியாயத்திலும் அஹ்காஃப் அத்தியாயத்திலும் பெற்றோர் இருவரையும் பேணச் சொல்கிறது. ஆனால் களைப்பை எடுத்துரைக்கும்பொழுது தாயின் களைப்பையே சொல்கிறது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அது வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு. அடுக்களையில் நிற்கும் தாய்க்கு நாம் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடுமுறை விட்டதில்லை. அன்றுதான் பிரியாணி கேட்கிறோம்.

திருகை சுற்றிக் கை நொந்துபோன ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டுத் தம் தந்தையின் இல்லம் சென்ற வரலாற்றை அறிவீர்கள். உறங்கும் முன் 33 முறை தஸ்பீஹ், 33 முறை தஹ்மீத், 34 முறை தக்பீர் ஓதுமாறு நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். அலுத்துச் சலிக்கும் மனைவிக்கு இந்தத் திக்ரை எடுத்துச் சொல்லும் கணவர்கள் நம்மில் நிறைய உண்டு. சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இரவு நடந்ததைக் கவனியுங்கள். மகள் வந்து போனதை அறிந்த நாயகம் தாமே அவ்வீட்டிற்கு வந்தார்கள். படுத்துவிட்டவர்களை எழ வேண்டாம் என்று கூறி அருகில் அமர்ந்துகொண்டார்கள். அதன் பிறகே கற்றுத்தந்தார்கள். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபொழுது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்பதே ஆயிஷா (ரலி) அவர்கள் தந்த விடை. திக்ரை எடுத்துக்கொண்டோம், வீட்டுப் பணியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டோம்!

அந்தச் சகோதரியின் கணவர் இந்த ஸஃப்புகளில் எங்கேனும் அமர்ந்திருக்கலாம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. இன்று வீடு திரும்பியதும், மனைவி லுஹர் தொழ நிற்கும்பொழுது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். நாம் எல்லோரும் அவ்வாறு வந்து நின்றால், கடிதம் எழுதியவரின் கணவர் யார் என்பது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.