கன்டெய்னருக்குள்ள ரூட்... வெளியில யாரு?

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வி அனுப்பியிருந்தீங்க. "கன்டெய்னர்ல ரூட்டா ஓடினா என்ன தப்பு? அதான் உள்ளேயே பூட்டி வெச்சாச்சே?" இன்னைக்கு அதுக்குத்தான் பதில்.

எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். நான் விருதுநகர் மாவட்டம். எங்க பெரியம்மா வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தாங்க. ஆமா, எங்க பக்கம் ஆலையை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். உள்ளே போனா பெரிய கட்டடம் இருக்காது. சின்னச் சின்ன அறைகள், நடுவுல இடைவெளி. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல கூடாது, மருந்தும் அளவாத்தான் இருக்கணும். ஒரு அறை வெடிச்சா, அந்த அறையோட நிக்கணும். அதான் கணக்கு. அந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5 அன்னைக்கு முதலிப்பட்டியில பார்த்தோம். 35 பேருக்கு மேல இறந்தாங்க.

உயிரையும் சர்வரையும் நான் ஒரே தராசுல வைக்கல. "அறையோட நிக்குமா?"ங்கிற கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கிறேன்.

கன்டெய்னர்ங்கிறது தனி மெஷின் இல்ல. எல்லா கன்டெய்னருக்கும் கெர்னல் ஒண்ணுதான். அந்த கெர்னலுக்கு உங்க பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும். ரூட்னா 0. டாக்கரை வழக்கம்போல இன்ஸ்டால் பண்ணி ஓட்டினா, உள்ள இருக்கிற 0-வும் வெளியில இருக்கிற 0-வும் ஒரே ஆள். சில அதிகாரங்களைப் பிடுங்கி வெச்சிருப்பாங்க, ஆனா ஃபைல் யாருதுன்னு பார்க்கிற இடத்துல அவர் நிஜ ரூட்தான்.

இதனால என்ன ஆச்சு? 2019 பிப்ரவரியில ரன்-சி ஓட்டைன்னு ஒண்ணு வெளியில வந்துச்சு. நம்பர் சிவிஇ-2019-5736. லினக்ஸ்ல ஓடுற ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 'ப்ராக்' டைரக்டரியில ஒரு ஃபோல்டர் உண்டு. அதுல 'எக்ஸி'ன்னு ஒரு லிங்க், அந்த ப்ராசஸ் எந்த புரோகிராம்னு காட்டும். கன்டெய்னரை ஓட்டி வைக்கிற ரன்-சி, உள்ள நுழையுற அந்த நேரத்துல, உள்ள இருக்கிற திருடன் இந்த லிங்க் வழியா வெளியில ஹோஸ்ட்ல இருக்கிற ரன்-சி ஃபைலையே மாத்தி எழுத முடிஞ்சுது. அடுத்த தடவை யாராவது ரன்-சி ஓட்டினா, மொத்த மெஷினும் அவன் கையில. கெர்னல் ஏன் தடுக்கல? ஃபைல் ரூட்டோடது, எழுதறவனும் ரூட். பெர்மிஷன் சரியாத்தானே இருக்கு!

இங்கதான் அன்பிரிவிலேஜ்ட் கன்டெய்னர் வருது. 2013-ல லினக்ஸ் 3.8-ல யூசர் நேம்ஸ்பேஸ் முழுசா வந்துச்சு. அடுத்த வருஷம் எல்எக்ஸ்சி 1.0 அதைப் பயன்படுத்துச்சு. விஷயம் சிம்பிள். உள்ள 0-ன்னா, வெளியில 100000. உள்ள 1000-ன்னா, வெளியில 101000. உள்ள அவர் ராஜா, வெளியில ஒண்ணுமில்லாத ஆளு. இப்போ அதே திருடன் ரன்-சி ஃபைல்ல கை வெச்சா, கெர்னல் "நீ 100000, இது 0-வோடது, போப்பா"ன்னு அனுப்பிடும். ஹோஸ்ட் ரூட்டை உள்ள மேப் பண்ணாம இருந்தவங்க அந்த ஓட்டையில தப்பிச்சாங்க.

ஆனா இதுல ஒரு தலைவலி இருக்கு. என் முதல் வேலையில நானே பண்ணின கூத்து. யூசர் நேம்ஸ்பேஸுக்கு மாத்தினோம். உடனே ஹோஸ்ட்ல இருந்து மவுன்ட் பண்ணின டேட்டா ஃபோல்டர்ல "பெர்மிஷன் டினைட்". உள்ள பார்த்தா ஓனர் 'நோபடி', 65534. வெளியில இருக்கிற ஓனருக்கு உள்ள நம்பரே இல்ல, அதான். ராத்திரி பதினோரு மணி, மறுநாள் ரிலீஸ். சிஎச்மாட் 777 போட்டேன். எல்லாம் ஓடிடுச்சு. அந்த மெஷின்ல இருந்த எவனும் எங்க டேட்டாவைப் படிக்கலாம், எழுதலாம்ங்கிற நிலைமை மூணு வாரம் இருந்துச்சு. சீனியர் அக்கா ஒருத்தங்க கண்டுபிடிச்சுக் கேட்டாங்க: "அறையைக் கட்டிட்டு, மருந்தைக் கொண்டுபோய் மரத்தடியில வெச்சிருக்கியே தம்பி?" அவங்களும் சிவகாசிக்காரங்கதான்.

சரியான வழி, ஓனரை 100000, 101000-னு அந்த மேப்புக்கு ஏத்தபடி மாத்துறது. இல்லேன்னா 2021-ல லினக்ஸ் 5.12-ல வந்த ஐடி-மேப்ட் மவுன்ட். ஃபைலைத் தொடாம, மவுன்ட் பண்ணும்போதே நம்பரை மாத்திக் காட்டும்.

இதுலயே எல்லாம் முடிஞ்சுதான்னா, இல்ல. யூசர் நேம்ஸ்பேஸ் சாதாரண யூசருக்கும் கெர்னலோட சில கதவுகளைத் திறந்து விடுது. 2022 ஜனவரியில வந்த சிவிஇ-2022-0185 அந்தக் கதவு வழியாத்தான் வந்துச்சு. அதனாலதான் உபுண்டு 24.04, ஆப்ஆர்மர் வெச்சு இதைக் கட்டுப்படுத்துது. அறை தனித்தனியா இருந்தாலும் காம்பவுண்டு ஒண்ணுதானே. கெர்னல் அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க கன்டெய்னருக்குள்ள போய், ப்ராக், செல்ஃப், அதுல 'யூஐடி அண்டர்ஸ்கோர் மேப்'ங்கிற ஃபைலைத் திறந்து பாருங்க. "0 0 4294967295"-னு வந்தா, மேப்பிங்கே கிடையாது. உள்ள ரூட்டா ஓடிட்டிருந்தா, வெளியிலயும் அது ரூட்தான். நடு நம்பர் 100000 மாதிரி வேற ஏதாவது வந்தா, நிம்மதியா தூங்கலாம். என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.